சங்கத்தின் லாபத்தில் யாருக்குப் பங்கு? – கூட்டுறவுக் கடன் சங்கங்களின் பொது நல நிதி பற்றி

"சாமி, எங்க சங்கத்துல இந்த வருசம் நல்ல லாபமாம். தர்மத்துக்குன்னு ஒரு தொகை ஒதுக்குவாங்களாம். நம்ம கோவில் கொடிமரத்துக்குக் கேட்டுப் பார்க்கலாமா?"

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பங்கு அலுவலகங்களில் இப்படி ஒரு கேள்வி அவ்வப்போது வருவதுண்டு. கேட்பவர்கள் ஆலைத் தொழிலாளர்களாக, ஆசிரியர்களாக, நெசவாளர்களாக, பால் ஊற்றுபவர்களாக இருப்பார்கள். ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகளாக உறுப்பினர்கள். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் சுருக்கமானது. கொடிமரத்துக்குக் கேட்க முடியாது. கோவிலுக்கு அடுத்த தெருவில் ஆதரவற்ற முதியோரை வைத்துப் பராமரிக்கும் இல்லம் ஒன்று இருந்தால் அதற்குக் கேட்கலாம். கொடிமரத்துக்கு ஏன் கூடாது, முதியோருக்கு ஏன் ஆகும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது நம் வீட்டுப் பணத்தைப் பற்றிய செய்தியும்கூட.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'கிரெடிட் யூனியன்' என்று சொல்லப்படும் உறுப்பினர் வங்கிகள் பல, தங்கள் லாபத்தில் ஒரு பகுதியை அந்தந்த ஊரில் உள்ள தொண்டு நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் மானியமாக வழங்குகின்றன. விண்ணப்பம் பெற்று, பரிசீலித்து, ஒரு விழா வைத்துக் காசோலை கொடுப்பார்கள். அங்கே வாழும் நம் உறவினர்கள் வழியாக இதைக் கேள்விப்படும்போது, 'நம் ஊரில் இப்படியெல்லாம் உண்டா' என்று கேட்கத் தோன்றுகிறது. உண்டு. பெயர்தான் வேறு. நம் கூட்டுறவுச் சங்கங்களின் துணைவிதிகளில் அதற்குப் 'பொது நல நிதி' என்று பெயர். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள்தான் குறைவு.

இது இந்த மண்ணுக்கு நேற்று வந்த ஏற்பாடு அல்ல. அன்றைய சென்னை மாகாணத்தில் உழவர்கள் கந்துவட்டியில் மூழ்கிக் கிடந்ததைக் கண்ட அரசு, ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராயுமாறு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. அவருடைய அறிக்கையின் முதல் தொகுதி 1895-இல் வெளிவந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் கிராமங்களில் நடத்திக் காட்டிய சிறு கடன் சங்கங்களே நமக்கு ஏற்றவை என்பது அதன் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் தொடங்கப்பட்டன. 1912-இல் வந்த அடுத்த கூட்டுறவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுதான் நாம் பேசும் நிதிக்கு வேர். நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு எடுத்து வைத்த பிறகு, மிஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல், பதிவாளரின் அனுமதியோடு அறச்செயலுக்குக் கொடுக்கலாம் என்று அது வகுத்தது.

அறச்செயல் என்றால் எது? சங்கத் தலைவர் நினைத்ததெல்லாம் அறமாகிவிடக் கூடாது என்பதற்காக, 1890-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டத்தின் விளக்கத்தையே அந்தப் பிரிவு கையாண்டது. ஏழைகளின் துயர் துடைத்தல், கல்வி, மருத்துவ உதவி, பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் ஆகியவை அதில் அடங்கும். சமய போதனைக்கும் வழிபாட்டுக்கும் மட்டுமே உரிய நோக்கங்கள் அடங்கா. நம் கொடிமரம் நின்றுபோகும் இடம் இதுதான்.

இதில் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆண்டாள் திருக்கோவில் தேருக்கும் அந்தப் பணம் போகாது, நம் தேருக்கும் போகாது, பள்ளிவாசல் மினாருக்கும் போகாது. ஒரே சங்கத்தில் எல்லாச் சமயத்தாரும் சந்தா கட்டுகிறார்கள். ஒருவர் பணம் மற்றவரின் வழிபாட்டுக்குச் செலவாகாமல் இருப்பதே நியாயம். ஆனால் 'மட்டுமே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பங்கு நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு எல்லாச் சமயப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால், அது கல்வி. வின்சென்ட் தே பவுல் சபையார் சாதி மதம் பாராமல் நோயாளிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தால், அது மருத்துவ உதவி. கொடுப்பவர் கிறிஸ்தவர் என்பதற்காக அந்தத் தொண்டு விலக்கப்படுவதில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சங்கத்துக்கு ஓர் ஆண்டில் நிகர லாபம் 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1912-ஆம் ஆண்டின் கணக்குப்படி சேம நிதிக்கு 2,50,000 போக மீதி 7,50,000. அதில் பத்தில் ஒரு பங்கு 75,000. இது உச்சவரம்பு, கொடுத்தே ஆக வேண்டிய தொகை அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு 2002-இல் வந்த மத்தியச் சட்டமோ, நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரை அனுமதிக்கிறது, அதன்படி 50,000. நகரக் கூட்டுறவு வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் கையும் அதன் தோளில் இருக்கிறது. முந்தைய ஆண்டு லாபத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் நன்கொடை கூடாது என்பது அதன் வரம்பு. அப்படியானால் 10,000 ரூபாய்தான். தமிழ்நாட்டுச் சங்கங்களை இன்று ஆள்வது 1983-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். 1988-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதோடு ஒவ்வொரு சங்கத்துக்கும் தனித்தனித் துணைவிதிகள் உண்டு. எனவே 'பக்கத்து ஊர்ச் சங்கம் இவ்வளவு கொடுத்ததே' என்று ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன் நம் சங்கத்தின் துணைவிதியைப் படிப்பது நல்லது. நட்டத்தில் ஓடும் சங்கத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொகை சிறியதுதான். ஆனால் அது யாருடைய பணம் என்று பார்க்கும்போது அதன் எடை மாறிவிடுகிறது.

இந்தப் பகுதிக் குடும்பங்களில் ஜூன் மாதம் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும். பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை. மில்லில் வேலை பார்க்கும் தகப்பனின் சம்பளம் போதாது. தாய் கழுத்திலோ கையிலோ இருப்பதைக் கழற்றிக்கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போவார். தெருமுனை அடகுக் கடையைவிட அங்கே வட்டி குறைவு, நகைக்கும் பயமில்லை. நகைக்கடன் கேட்டு வருகிறவரைச் சங்கம் பெரும்பாலும் 'இணை உறுப்பினர்' என்று சேர்த்துக்கொள்கிறது. ஒரு சிறு கட்டணம், ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. இணை உறுப்பினருக்குக் கடன் பெறும் தகுதி உண்டு. பொதுப்பேரவையில் வாக்கு இல்லை, லாபத்தில் பங்கும் இல்லை.

கடன் சங்கத்தின் லாபம் பெரும்பாலும் வட்டியிலிருந்து வருகிறது. அந்தத் தாய் மாதாமாதம் கட்டிய வட்டி, வைப்புத்தொகைக்குக் கொடுத்த வட்டியும் ஊழியர் சம்பளமும் கட்டட வாடகையும் போக, ஆண்டு முடிவில் 'நிகர லாபம்' என்ற தலைப்பில் வந்து உட்காருகிறது. பங்குத்தொகை கட்டிய உறுப்பினருக்கு ஈவுத்தொகை கிடைக்கிறது. சேம நிதி வளர்கிறது. கல்வி நிதிக்கும் ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும் பங்கு போகிறது. லாபத்துக்குக் காரணமான தாய்க்கு இவற்றில் ஒன்றுமில்லை. அவரைப் போன்றவர்களின் வாழ்வுக்கு அந்தப் பணம் திரும்பி வர ஒரே ஒரு கதவு திறந்திருக்கிறது என்றால், அது பொது நல நிதிதான்.

ஆகவே அதைத் 'தர்மம்' என்று சொல்லும்போது நமக்குச் சற்று உறுத்துகிறது. திருப்பிக் கொடுத்தல் என்றால் பொருந்தும். வட்டியை அரை விழுக்காடு குறைத்துவிட்டால் அதுவே அந்தத் தாய்க்கு முதல் நன்கொடை அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி; முடிந்த சங்கம் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பதே நம் எண்ணமும். ஆனால் கடன் வாங்கக்கூட அடகு வைக்க நகை இல்லாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். வட்டிக் குறைப்பு அவர்களை எட்டாது.

கடன் சங்கத்தையும் ஏழையையும் சேர்த்தே பார்த்தவர்கள் நம் திருச்சபையில் பலர். கனடாவின் கியூபெக் மாநிலத்து லெவி நகரில், அல்போன்ஸ் தெஜார்தன் என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் 1900-ஆம் ஆண்டில் மக்கள் வங்கி ஒன்றை நிறுவினார். 1901 ஜனவரியில் முதல் வசூல் நாளில் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். அந்தச் சிறு பெட்டி இன்று கனடாவின் மிகப் பெரிய கூட்டுறவு நிதிக் குழுமமாக வளர்ந்திருக்கிறது. தெஜார்தனின் துணையோடு 1908-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், மான்செஸ்டர் நகரத்துப் புனித மரியா பங்கில், பங்குத்தந்தை பியேர் ஹெவே ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அமெரிக்காவின் முதல் கிரெடிட் யூனியன் அதுவே. நூற்பாலைகளுக்குப் பேர்போன ஊர் அது. இராஜபாளையத்தார் அந்த மக்களின் சம்பளக் கணக்கை எளிதில் புரிந்துகொள்வார்கள். நம் நாட்டிலேயே, மறு ஆண்டில், 1909-இல், சோட்டா நாக்பூரில் முண்டா, உராவோன் மக்களைக் கடன்காரர்களின் பிடியிலிருந்து மீட்க இயேசு சபைக் குரு ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். இவர்களுக்கெல்லாம் ஊரின் நலனும் வங்கியின் நலனும் இரண்டு கணக்கேடுகளாகத் தோன்றவில்லை. உலகக் கூட்டுறவு அமைப்பு 1995-இல் மான்செஸ்டரில் (இது இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர்) கூடி ஏழு கொள்கைகளை வகுத்தபோது, சமுதாயத்தின்மீது அக்கறை என்பதை ஏழாவதாகச் சேர்த்தது இந்த மரபின் தொடர்ச்சிதான்.

நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். இரண்டு ஊர்களிலும் நகரக் கூட்டுறவு வங்கிகள் உண்டு. சுற்றுக் கிராமங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பால்கோவாவின் பெயரை வளர்த்ததில் கூட்டுறவுப் பால் சங்கத்துக்கும் பங்குண்டு. சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் தறி ஓடுவது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை நம்பித்தான். ஆக, பங்கில் இருக்கும் குடும்பங்களில் கணிசமானவர்கள் ஏதோ ஒரு சங்கத்தின் உரிமையாளர்கள். வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த நிதியைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும்? தொண்டு இல்லங்களின் நிலைமை மாறிவிட்டது. முன்பெல்லாம் வெளிநாட்டு உதவியைப் பெறும் ஒரு பெரிய அமைப்பு, அதில் ஒரு பகுதியைச் சிறிய இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத் திருத்தம் அந்தப் பிரித்தளிப்பைத் தடை செய்தது. நேரடியாகப் பெறும் உரிமம் உள்ளவர்களும் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் தொடங்கித்தான் பெற வேண்டும். பத்துப் பன்னிரண்டு முதியோரை வைத்துச் சோறு போடும் சிற்றூர் இல்லத்துக்கு இது எட்டுகிற காரியமா? பெரிய ஆலைகள் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி தங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடுகின்றன. ஆனால் அதற்கு எழுத வேண்டிய திட்ட அறிக்கைகளைப் பார்த்தாலே சிறிய இல்லத்தின் பொறுப்பாளர் மலைத்துப்போவார். கூட்டுறவுச் சங்கம் கம்பெனி அல்ல, அந்தச் சட்டம் அதைக் கட்டாது. அது கொடுக்கக்கூடியது சிறு தொகை. ஆனால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே ஒரு டவுன் பஸ் தூரம்தான். இல்லத்தில் சமையல் எரிவாயு இருக்கிறதா, கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறதா என்று நேரில் வந்து பார்த்துவிடலாம்.

அந்த நெருக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிவார்கள்; சில சமயம் மாமனும் மருமகனுமாக இருப்பார்கள். இயக்குநரின் உறவினர் நடத்தும் அறக்கட்டளைக்கு நன்கொடை போகும். கோடைக்காலத் தண்ணீர்ப்பந்தல் என்று கணக்கு எழுதப்பட்டு, பந்தலைவிட விளம்பரப் பலகை பெரிதாக நிற்கும். ஓர் இல்லத்துக்கு வேண்டியது மருந்து. வந்து சேர்வதோ முதுகில் 'உபயம்' என்று பெரிதாக எழுதிய பிளாஸ்டிக் நாற்காலிகள். இதையெல்லாம் கண்டுதான் ரிசர்வ் வங்கி 2005-இல், இயக்குநர்களோ அவர்களின் உறவினர்களோ பொறுப்பில் இருக்கும் அல்லது ஈடுபாடு கொண்டிருக்கும் அறக்கட்டளைகளுக்கும் நிறுவனங்களுக்கும் நகரக் கூட்டுறவு வங்கிகள் நன்கொடை தரக்கூடாது என்று தடை விதித்தது.

தொடக்கத் திருச்சபைக்கும் இந்தச் சிக்கல் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எருசலேமில் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமல் போனார்கள், முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் முணுமுணுத்தவர்களை அதட்டவில்லை. பங்கீட்டைக் கவனிக்க எழுவரைத் தேர்ந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள் (திருத்தூதர் பணிகள் 6). பவுலடியார் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது, தீத்துவோடு சபைகளின் நம்பிக்கைக்குரிய வேறு சகோதரர்களையும் அனுப்புவதாகச் சொல்கிறார். அவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் யாரும் தம்மைக் குறை சொல்லிவிடக் கூடாது என்பதே அவர் காரணம் (2 கொரிந்தியர் 8). பவுலைவிட நம்பத்தகுந்தவர்கள் என்று நம் ஊரில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே கணக்குக் கேட்பது அவமரியாதை என்று எந்தத் தலைவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பங்கின் கணக்கைக் கேட்டால் நாங்களும் சுளிக்கக் கூடாதுதான்.

விண்ணப்பிக்கும் இல்லங்களுக்குச் சில வார்த்தைகள். வெறும் வேண்டுகோள் கடிதம் போதாது. அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவுச் சான்று, வருமான வரித் துறையின் பதிவுகள் இருந்தால் அவற்றின் நகல், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆகியவற்றை இணைக்க வேண்டும். 'எங்கள் பணிகளுக்கு உதவுங்கள்' என்று எழுதாமல், என்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று கடைக்காரரின் விலைப்புள்ளியோடு எழுதுவது நல்லது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பள்ளிக்கு இரண்டு சக்கர நாற்காலிகள் என்றால் நிர்வாகக் குழு பத்து நிமிடத்தில் முடிவெடுக்கும். பணம் வந்ததும் ரசீது, வாங்கியதும் பில் நகல், அடுத்த பொதுப்பேரவைக்கு முன் ஒரு பக்கக் கணக்கு. எல்லாச் சமயத்தாருக்கும் சேவை செய்கிறோம் என்பதைப் பெயர்ப்பட்டியலே காட்டும்படி பதிவேடு வைத்திருக்க வேண்டும். நம் இல்லங்கள் பலவற்றில் தொண்டு குறைவற நடக்கிறது, பதிவேடு மட்டும் அலமாரியில் தூங்குகிறது.

உறுப்பினர்களுக்கு உள்ள வேலை வேறு. தணிக்கை முடிந்தபின் நிகர லாபப் பகிர்வு பொதுப்பேரவையின் முன் ஒப்புதலுக்கு வரும். அறிவிப்பு வீட்டுக்கு வரும், அல்லது சங்கத்தின் பலகையில் ஒட்டப்படும். நம்மில் பலர் அங்கே போய்ப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இனிப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு (ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா என்று சொல்லத் தேவையில்லை) பகிர்வுத் தீர்மானம் படிக்கப்படுவதற்கு முன்பே வீடு திரும்பிவிடுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இருந்தாலும், அரசு நியமித்த தனி அலுவலர் இருந்தாலும், கேட்க வேண்டியவை மாறுவதில்லை. பொது நல நிதியில் இப்போது எவ்வளவு இருக்கிறது? சென்ற ஆண்டு யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது? செலவாகாமல் எத்தனை ஆண்டுகளாகத் தேங்கிக் கிடக்கிறது? நகைக்கடன் வாங்கும் இணை உறுப்பினர்களின் தெருக்களுக்கு அதில் ஏதாவது போயிருக்கிறதா? வாய்மொழியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கலாம்.

கூட்டுறவு வார விழா ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறுகிறது. மேடையில் உதவிகள் வழங்கப்படும்போது கைதட்டப் போகிறவர்கள், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, தணிக்கை அறிக்கை தயாராகும் சமயத்தில் சங்கத்துக்குப் போய் மேலே சொன்ன கேள்விகளை எழுதிக் கொடுப்பது பயனுள்ளது. தீர்மான வரைவு எழுதப்படும் காலம் அதுதான். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க அன்பியப் பொறுப்பாளர்கள் முன்வரலாம். பங்கு அலுவலகத்திலும் ஒரு பேனாவும் தாளும் எப்போதும் இருக்கும்.